திரும்பிய படகின் கூலி

கடலைக் காண்பதற்குக் காசு வேண்டா. கடல்மேல் செல்வதற்கு வேண்டும். மும்பை மாநகரில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும், தாதர்க் கடற்கரை மணலுக்கு அப்பால் நாம் அடி வைத்ததில்லை. கோப்பும் மின்சார இரயிலும் மாதத் தவணையும் நம்மைக் கரையிலேயே கட்டி வைத்திருந்தன. அந்தக் கட்டு ஒருநாள் தளர்ந்தது. மாதுங்காவினர் மூவர், செம்பூரினர் மூவர், தாராவியினர் இருவர், ஆக நண்பர் எண்மர் ஆளுக்கு 2,000 ரூபாய் போட்டு, பாய்மரப் படகு ஒன்றை ஒரு நாளைக்கு வாடகைக்கு அமர்த்தினோம். வாடகை 16,000. முன்பணம் பாதி, மீதி கரை திரும்பியபின்.

செல்லுமிடம் காந்தேரித் தீவு. இதற்குக் காரணம் நம்முள் ஒருவர் செஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்பதுதான். 2025ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராட்டிரத்தவை; பன்னிரண்டாவது நம் செஞ்சி. அந்தப் பதினொன்றில் ஒன்று காந்தேரி. மும்பைத் துறைமுக வாயிலுக்குத் தெற்கே, 1679இல் சிவாஜி அரண் எழுப்பத் தொடங்கிய தீவு அது. பம்பாயில் இருந்த ஆங்கிலேயர் தடுக்க முயன்று தோற்றனர். மறு ஆண்டே சித்தியர் எதிரிலுள்ள உந்தேரியைப் பிடித்து அரண் கட்டினர். தம் ஊர்க் கோட்டையின் உடன்பிறப்பைக் கண்ணாரக் காணவேண்டும் என்று நண்பர் ஆறு மாதமாக நச்சரித்து வந்தார்.

படகை நடத்தியவர் அறுபதைக் கடந்த கோளி இனத்துப் பெரியவர். அவர்கள் மொழியில் படகுத் தலைவருக்குத் 'தாண்டேல்' என்று பெயர். தூத்துக்குடித் தோணிகளில் அதே மனிதரைத் 'தண்டல்' என்பர். இரு கரைக்கும் பொதுவான அந்தச் சொல் காதில் விழுந்ததும் நமக்கு அவர்மேல் ஓர் உறவே தோன்றிவிட்டது. அந்த உறவு முற்பகல் வரை நீடித்தது.

காலையில் கரைக்காற்று இதமாகத் தள்ளியது. கேட்வே வளைவு சிறுத்து மறைந்தது. இட்டிலிப் பொட்டலங்கள் பிரிந்தன, பாட்டும் நடந்தது. பதினொரு மணியளவில் காந்தேரியின் கலங்கரை விளக்கம் கண்ணுக்குத் தெரிந்தபோது காற்று விழுந்தது, பாய் துவண்டது. பெரியவர் மேற்கு வானையும் நீரின் நிறத்தையும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, திரும்புகிறோம் என்றார். பிற்பகல் கடற்காற்று இன்று முன்னதாகவும் வலிதாகவும் எழும். அது வடமேற்கிலிருந்து வரும். நீர் வற்றும் நேரமும் அதுவே. காற்றையும் நீரோட்டத்தையும் எதிர்த்து இந்தச் சிறு படகில் எட்டுப் பேரைக் கொண்டுவர நான் துணியமாட்டேன் என்று இந்தியில் சுருக்கமாகச் சொன்னார். இன்னும் அரைமணிப் பயணந்தானே என்றோம். பணம் கொடுத்தவர் நாங்கள் அல்லவா என்றும் ஒருவர் கேட்டார். யார் கேட்டார் என்பதை ஈண்டு எழுத வேண்டுவதில்லை. கேளாதிருந்தோரும் அதையே எண்ணியிருந்தோம். அவர் விடை சொல்லாமல் சுக்கானைத் திருப்பினார்.

அவர் சொன்ன காற்று வரவில்லை. இயந்திரம் முனகி முனகிக் கரை சேர்த்தது. நான்கு மணிக்குக் கடல் நம் ஊர்த் தெப்பக்குளம்போல் கிடந்தது. இறங்கியதும் மீதி 8,000 ரூபாயில் 3,000த்தைப் பிடித்துக்கொண்டு 5,000 கொடுத்தோம். பெரியவர் எண்ணிப் பார்த்தார், வாய் திறக்கவில்லை, கயிற்றைக் கட்டப் போய்விட்டார்.

நாம் செய்தது நீதியா? அன்றிரவு மாதுங்கா இரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு காப்பிக்கடையில் இவ்வினா எழுந்தது. தொழில் தெரிந்தவர் சொல்லை அதை அறியாதவர் பணத்தைக் காட்டித் தடுக்கலாமா என்பது பழைய வழக்கு. கிரேக்க ஞானி பிளேட்டோ தமது 'குடியரசு' நூலின் ஆறாம் பகுதியில் ஒரு கப்பலைக் காட்டுகிறார். அதன் உடைமையாளர் எல்லாரினும் பெரியவர், வலியவர். ஆயினும் காது மந்தம், பார்வையும் குறைவு. பருவமும் வானும் மீனும் காற்றும் கற்ற உண்மை மாலுமியோ, அங்கே வானத்தைப் பார்த்துப் பிதற்றுபவன் என்று பெயர் எடுக்கிறான். நம் எண்மருக்கும் காது நன்றாகவே கேட்கும் என்பதுதான் வேறுபாடு.

இன்றைய கடற்சட்டமும் இதைத் தீர்த்தே வைத்திருக்கிறது. 1912இல் டைட்டானிக் மூழ்கியபின், 1914இல் முதன்முதலாக உருவானது கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை. இப்போது வழங்குவது 1974இல் ஏற்பட்டது. உயிர்ப்பாதுகாப்புக்குத் தேவையெனக் கப்பல் தலைவர் தம் தொழிலறிவால் எடுக்கும் முடிவை உடைமையாளரோ, வாடகைக்கு அமர்த்தியவரோ, வேறெவருமோ தடுத்தல் கூடாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. 'வாடகைக்கு அமர்த்தியவர்' என்று நம்மைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார்கள்! பெருங்கப்பலுக்கு எழுதிய விதி நம் சிறு படகைக் கட்டாது. அதன் நியாயம் கட்டும்.

ஆனால் நம் வழக்கு இங்கே முடியவில்லை. நாம் அவரைத் தடுக்கவில்லையே, கூலியைத்தானே குறைத்தோம்? இதனை விடாப்பிடியாக வாதித்தவர் செஞ்சி நண்பர். அவர் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நாம் விலை பேசியது காந்தேரிக்கு. கிடைத்தது பாதி வழி. வராத காற்றைக் காட்டிப் பாதியில் திரும்பலாமென்றால், சோம்பேறி ஒவ்வொருவனும் வராத காற்றைக் காட்டுவானே? அவனைப் பொய்யன் என்று எவ்வாறு மெய்ப்பிப்பது? நேராத விபத்துக்குச் சாட்சி ஏது?

சாட்சி இல்லைதான். அலுவலகத்திலும் இதையே காண்கிறோம். உரிய காலத்தில் குறிப்பெழுதி ஒரு தவற்றைத் தடுத்த எழுத்தருக்குக் கோப்பு எண் கிடையாது. தவறு நேர்ந்தபின் விளக்கம் எழுதுகிறவருக்கே தடிமனான கோப்பு உருவாகிறது. 2024 டிசம்பர் 18 அன்று பிற்பகல், கேட்வேயிலிருந்து எலிபெண்டாத் தீவுக்குச் சென்ற 'நீல் கமல்' படகின்மீது, இயந்திரச் சோதனையில் இருந்த கடற்படை விரைவுப்படகு கட்டுப்பாடு இழந்து மோதி 15 பேர் மாண்டனர். 84 பயணிகளும் 6 பணியாளரும் செல்ல உரிமம் பெற்ற அப்படகில் அன்று நூற்றுக்கு மேற்பட்டோர் இருந்தனர். மோதலை விளைவித்தது கூட்டம் அன்று என்பதை அறிவோம். எனினும், துறையில் ஒருவர் நின்று 'இனி இடமில்லை' என்று எஞ்சியோரை நிறுத்தியிருந்தால், கரையில் நின்ற அவர்கள் அவரை வாழ்த்தியிருப்பார்களா? ஏசிக்கொண்டே வீடு திரும்பி, அன்றிரவு உண்டு உறங்கியிருப்பார்கள்.

அப்படியானால் சோம்பேறியையும் எச்சரிக்கையுடையவரையும் எவ்வாறு பிரித்தறிவது? திரும்பியதால் அவருக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்பதே நமக்குத் தோன்றிய வழி. சோம்பேறி தனக்கு இழப்பில்லாத இடத்தில்தான் சோம்புவான். மீதிப் பணம் நம் கையில் இருப்பதை இப்பெரியவர் அறிவார். நம் முகங்களையும் பார்த்தார். இழப்பு உண்டு என்று தெரிந்தே சுக்கானைத் திருப்பினார். அவர் நேர்மைக்கு நாம் தேடிய சாட்சி, நாம் பிடித்துக்கொண்ட அந்த 3,000 ரூபாயேதான்.

இன்னொன்றும் நம்மை உறுத்தியது. அடுத்த ஞாயிறு வேறு எண்மர் அப்படகில் ஏறியிருப்பர். காற்று விழும், மேற்கே பார்ப்பார், 3,000 ரூபாய் நினைவுக்கு வரும். பேரனுக்குப் பள்ளிக்கட்டணம் இருக்கலாம். ஒரு நொடி தயங்குவார். அந்தத் தயக்கத்தில் பங்கு யாருக்கு? நாம் குறைத்தது போன கூலியை மட்டுமா, வரப்போகும் ஒரு முடிவையுமா?

வாக்கெடுப்பில் ஐவர் கொடுத்துவிடலாம் என்றோம், மூவர் உடன்படவில்லை. அம்மூவரின் பங்கு 1,125 ரூபாயை ஐவரும் ஆளுக்கு 225 வீதம் மேற்கொண்டு ஏற்று, மறுவாரம் கேட்வேத் துறைக்குப் போனோம். பெரியவர் வலை பழுது பார்ப்பவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். உறையை வாங்கி எண்ணினார். சட்டைப் பையில் வைத்தார். நன்றி சொல்லவில்லை; சொல்வார் என்று எதிர்பார்த்துப் போனதை எண்ணி நாமே வெட்கினோம். மறுபடி காந்தேரிக்குப் போகவேண்டுமா என்று கேட்டார். ஆம் என்றோம். போகலாம், ஆனால் காற்று சரியில்லையென்றால் அன்றும் திரும்புவேன், இப்போதே சொல்லிவிட்டேன் என்றார்.

செஞ்சி நண்பர் தம் பங்கு 375 ரூபாயை இன்னும் தரவில்லை. அடுத்த பயணத்துக்கான முன்பணத்தை மட்டும் எல்லாருக்கும் முன்பாகக் கொடுத்துவிட்டார்.