‘இல்லை’ என்பதற்கு என்ன அளவை?

டூல் விளக்கம் எழுதுவதுதான் என் பிழைப்பு. ஒரு கடையின் ஆர்டர்களை ஏஐ ஏஜென்ட் எடுத்துப் பார்க்க ஒரு டூல் இருக்கும். அது எதற்கு, என்ன கொடுத்தால் என்ன தரும் என்று சில வரிகள் எழுதித் தருவேன். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக், டூல்களை ஏஐயோடு இணைக்கும் ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ வெளியிட்ட பிறகு இந்த வேலை பெருகிவிட்டது. முன்பெல்லாம் நான் எழுதியதை டெவலப்பர் படிப்பார். புரியாவிட்டால் ஃபோன் போட்டுத் திட்டுவார். இப்போது படிப்பது மாடல். அது திட்டாது. எழுதியதை நம்பி நேரே வாடிக்கையாளரிடம் பேசிவிடும்.

ஆர்டர் கிடைத்தால் தொல்லையில்லை. எண், தேதி, தொகை, கூரியர் எங்கே நிற்கிறது என்பது வரை வந்து விழும். கிடைக்காதபோது வருவது இரண்டு சதுர அடைப்புக்குறி, நடுவில் ஒன்றுமில்லை. பிழைச் செய்திகூடக் கிடையாது. எல்லாம் நல்லபடி முடிந்தது என்பதற்கான 200 என்ற எண்ணோடுதான் அந்தக் காலிப் பட்டியல் வரும். அதை வாங்கிக்கொண்டு ஏஜென்ட், “உங்கள் பெயரில் ஆர்டர் எதுவும் இல்லை” என்று பணிவாகச் சொல்லும். என் சித்திக்கு அப்படித்தான் சொன்னது. கையில் பில் இருக்கிறது, வங்கியிலிருந்து பணம் போன எஸ்எம்எஸ் இருக்கிறது, கிரைண்டர் மட்டும் வரவில்லை. ஆர்டர் போட்டது மகனுடைய மெயில் ஐடியில். “இல்லவே இல்லைங்கிறானே, அப்ப நான் பொய் சொல்றேனா?” என்றாள்.

சித்தியின் சண்டை நம்முடைய தருக்க நூல்களில் வெகு பழசு. சிவஞான சித்தியார் தொடக்கத்திலேயே அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, பேசுகிறது. 13ஆம் நூற்றாண்டின் அருள்நந்தி சிவாச்சாரியார், அபாவத்தையும், அதாவது இல்லாமையையும், ஓர் அளவையாகக் கொள்வோர் உண்டு என்று எண்ணிக்காட்டிவிட்டு, அத்தனையையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்கிவிடுகிறார். குமாரிலர் வழி மீமாம்சகர்கள் இதை ஒப்பமாட்டார்கள். தரையில் குடம் இல்லை என்று அறிவது தனி வகை அறிவு என்பது அவர்கள் கட்சி. ஆனால் ஒரு நிபந்தனை போடுவார்கள்: குடம் இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்க வேண்டும். இருட்டறையில் குடம் தெரியவில்லை என்றால், தெரியவில்லை, அவ்வளவுதான்.

இதை இன்னும் கறாராக வகுத்தவர் 7ஆம் நூற்றாண்டுப் பௌத்தரான தர்மகீர்த்தி. இடத்தால் எட்டாதது, காலத்தால் எட்டாதது, இயல்பாலேயே எட்டாதது. இவற்றைக் காணவில்லை என்பதால் இல்லை என்று தீர்த்துவிட முடியாது, மிஞ்சுவது ஐயம்தான். மூன்றாவதற்கு வாடிக்கையான உதாரணம் பிசாசு. எனக்கு இது அலுவலக வேலைப்பட்டியல் மாதிரியே இருக்கிறது. ஆர்டர் அதே நிறுவனத்தின் வேறொரு கடைக் கணக்கில் கிடக்கலாம், அது இடம். ஷாப்பிஃபையில் ஒரு செயலிக்குச் சாதாரணமாகக் கிடைப்பது கடைசி 60 நாள் ஆர்டர்கள்; முந்தையவை வேண்டுமானால் தனி அனுமதி வாங்க வேண்டும். அது காலம். இந்த ஏஜென்டின் கண்ணுக்கே காட்டப்படாதவை மூன்றாவது வகை.

கடவுளைக் காணோம், ஆகவே இல்லை என்பவர்களுக்கு நியாய மரபின் உதயனர் நியாயகுசுமாஞ்சலியின் மூன்றாம் பகுதியில் தரும் பதிலும் இந்த வழியில்தான் போகிறது: காணத் தக்கது காணப்படாவிட்டால்தான் இல்லை எனலாம், இறைவன் அப்படிக் காணத் தக்க பொருளல்ல. எனக்குக் கோயில் பழக்கம் குறைவு. இந்த வாதத்தால் கடவுள் உண்டென்றும் ஆகிவிடாது. உதயனரே அதற்கு ஐந்தாம் பகுதியில் வேறு காரணங்களை அடுக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் ‘இல்லை’ என்பவனையும் கூண்டில் ஏற்றிச் சாட்சி கேட்கிறாரே, அந்த இடம் எனக்குப் பிடித்திருக்கிறது.

அதனால் எங்கள் டூலும் காலிப் பட்டியலோடு மூன்று தகவல் சேர்த்து அனுப்பட்டும் என்று சொன்னேன்: எந்தக் கடையில் தேடியது, எந்தத் தேதியிலிருந்து, எந்த அனுமதிக்குள். முதல் இரண்டும் உடனே நிறைவேறின. மூன்றாவதைப் பாதுகாப்புக் குழு வெட்டிவிட்டது. “பார்க்க அனுமதியில்லை” என்றாலே அங்கே ஏதோ இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தாகிவிடும். அடுத்தவர் மெயில் ஐடியைப் போட்டுப் பார்த்து, இவர் இங்கே வாங்குகிறார் என்று எவனும் தெரிந்துகொள்ளலாம். எச்டிடிபி விதியே இதற்கு இடம் கொடுக்கிறது: தடுக்கப்பட்டதை 403 என்று ஒப்புக்கொள்ளாமல், 404, காணவில்லை என்று சர்வர் மறைத்துவிடலாம். சைவர்களைக் கேட்டால் ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்று, அதுவும் அருள்தான் என்பார்கள். சித்தியின் விலாசம் கண்டவன் கையில் சிக்காமல் இருப்பதும் இந்த மறைப்பால்தான் என்பதால் நான் வாதாடவில்லை.

டூல் மறைக்கட்டும். அதற்காக ஏஜென்ட் பொய்ச்சாட்சி சொல்ல வேண்டியதில்லை. அதனால் விளக்கத்தில் ஒரு வரியை விடாப்பிடியாக வைத்திருக்கிறேன்: பட்டியல் காலியாக வந்தால் ஆர்டர் இல்லை என்று சொல்லாதே, நான் தேடிய வரையில் கிடைக்கவில்லை என்று சொல்லி, வேறு மெயில் ஐடி உண்டா என்று கேள், ஆர்டர் எண்ணைக் கேள். ஒவ்வொரு அழைப்புக்கும் இத்தனை டோக்கன் வீண் என்று மேலாளர் முணுமுணுக்கிறார். சித்தியிடம் அந்த எண்ணை யாரும் கேட்கவேயில்லை. பில்லின் தலையிலேயே கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது.