உதவப் போய் உடைத்தவன்

உபகாரம் செய்யப் போன இடத்தில் நஷ்டம் விளைத்துவிட்டால், அதற்கு ஈடு கொடுக்கக் கடமை உண்டா? கூலி வாங்கிய தொழிலாளியைப் பற்றி இந்த வினா எழுவதில்லை. அவன் கொடுத்தே தீர வேண்டும். காசு வாங்காமல், அண்டை வீட்டான் என்ற உரிமையில் கை கொடுத்தவன் கதி என்ன? எனக்கே நேர்ந்த ஒன்றை வைத்து இதை விசாரிக்கிறேன்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவருடைய பழைய இரண்டு ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் இரண்டு மழைக்காலமாகத் தாழ்வாரத்திலேயே நின்றுவிட்டது. பேரன் கல்லூரிக்குப் போக அதை ஓடவைக்க வேண்டும் என்றார். "பிளக்கை மாற்றினால் கிளம்பிவிடும் சார், நான் பார்க்கிறேன்" என்று ஒரு சனிக்கிழமை மாலை ஸ்பேனருடன் போய் நின்றேன்.

பிளக் அசையவில்லை. அதன் உடல் எஃகு. அது திருகியிருக்கும் ஹெட் அலுமினியம். ஈரம் படும்போது இவ்விரண்டும் சேரும் இடத்தில் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாக மரைக்குள் அடைத்துக்கொள்ளும். உள்முனையில் கரி வேறு. போதாதற்கு, முன்பு அதை மாட்டிய புண்ணியவான் தம் புஜபலம் முழுவதையும் அதில் காட்டியிருந்தார்.

இதற்கு வழி இல்லாமலில்லை. துருவை இளக்கும் எண்ணெயைச் சுற்றிலும் விட்டு ஓர் இரவு ஊறவிட வேண்டும். இளஞ்சூடு காட்டுவதும் உதவும். 100 டிகிரி சூடு ஏறினால் ஒரு மீட்டர் அலுமினியம் ஏறக்குறைய 2.3 மில்லிமீட்டர் நீளும், எஃகு 1.2 தான் நீளும். ஆகவே சூடேறிய ஹெட் தன் பிடியைச் சற்றே தளர்த்தும். பிறகு கால் சுற்று வெளியே, இறுகினால் திரும்ப உள்ளே, கொஞ்சம் எண்ணெய், மறுபடி கால் சுற்று. சலிப்பூட்டும் வேலைதான். இவ்வளவும் அறிந்திருந்த நான் எண்ணெய் விட்டு அரை மணி நேரம்தான் பொறுத்தேன்.

முதல் இரண்டு சுற்று வந்தது. மூன்றாவதில் 'கிரீச்' என்ற சத்தம். ஸ்பேனர் கைக்குள் வில்போல் வளைந்து கொடுத்தது. அந்தச் சத்தம் என்ன சொல்கிறது என்பது எனக்குத் தெரியும். இருட்டிக்கொண்டு வந்தது. ஸ்பேனரின் பிடியில் ஒரு குழாய்த் துண்டைச் செருகி இழுத்தேன். பிளக் வந்தது, தன் மரையில் வெள்ளிக் கம்பிபோல் அலுமினியச் சுருளைச் சுற்றிக்கொண்டு.

"மரை முன்பே போயிருந்தது சார்" என்றேன். அவர் நம்பினார். யாராலும் சோதித்துப் பார்க்க முடியாத பொய் அல்லவா?

அன்றிரவு என் பக்கத்து நியாயங்களை அடுக்கினேன். இலவசமாகச் செய்தேன். வண்டி பழையது. உண்மையான குற்றவாளி அதை அளவுக்கு மிஞ்சி இறுக்கியவர். ஒவ்வொன்றிலும் உண்மை இருந்தது. சத்தம் கேட்பதற்கு முன்பே மரை போயிருந்தால் நான் ஒரு காசும் கடன்பட்டவனல்ல என்றே இன்றும் நினைக்கிறேன். உபகாரிக்கு அந்தச் சலுகையும் இல்லையென்றால் எவனும் அயலான் வீட்டுப் படி ஏறமாட்டான்.

ஆனால் சத்தம் கேட்ட பின்பு? குழாயைத் தேடி எடுத்த அந்த நேரத்தில் ஆசிரியர் பத்தடி தூரத்தில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். "சார், இதற்கு மேல் இழுத்தால் ஹெட் கெடலாம், இழுக்கட்டுமா, திங்கட்கிழமை பட்டறைக்கு விடுவோமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பொருள் அவருடையது. அதைப் பணயம் வைக்கும் உரிமையும் அவருடையதே. நான் பறித்தது அந்த உரிமையை. ஒருவேளை எப்படி இழுத்தாலும் மரை போயிருக்கும். அப்போதும் இந்தக் குறை நீங்காது. கைத்தவறு வேறு, கேளாமல் துணிவது வேறு.

மறுநாள் போய்ச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நேற்றே சொல்லியிருந்தால் நான் கோபித்திருப்பேனா, தம்பி?" என்றார். செலவை நான் ஏற்பதாகச் சொன்னதற்குச் சம்மதிக்கவில்லை. முன்பு இறுக்கியவரைத் தேடிப் பிடிக்க முடியாதாகையால் அவர் பங்கைத் தாம் தருவதாகச் சொல்லிப் பாதிதான் வாங்கிக்கொண்டார். வாத்தியார் கணக்கு!

நான்கு நட்டைக் கழற்றி ஹெட்டை லேத்துக்கு எடுத்துப் போனோம். துளையைப் பெரிதாக்கி, புதிய மரை வெட்டி, எஃகுக் கம்பிச் சுருளை உள்ளே திருகிக் கொடுத்தார்கள். பழைய 14 மில்லிமீட்டர் அளவு மீண்டும் வந்துவிட்டது. ஹெட்டை மாட்டி, புதிய பிளக்கை விரலாலேயே முழுதும் திருகினேன். வாஷர் தொட்டதும் ஸ்பேனரால் அரைச் சுற்று மட்டும்.

"இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டாமா அண்ணே?" என்றான் பேரன்.

"அடுத்த தடவை கழற்றப் போவது நீதானேப்பா" என்றேன்.