மன்னரும் மக்கள் பிரதிநிதியும்: பழி யாரைச் சேரும்?

சித்திரா பூரணையன்று யாழ்ப்பாணத்து ஆலயங்களிலே சித்திரபுத்திரனார் கதை படிப்பதும், படிப்பு முடிந்ததும் அடியார்களுக்குச் சித்திரைக் கஞ்சி வார்ப்பதும் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். உயிர்கள் செய்யும் நல்வினை தீவினைகளை ஒன்றும் விடாமல் ஏட்டிற் பதிந்து யமதர்மராசனிடம் ஒப்புவிப்பவர் சித்திரபுத்திரனார். உத்தியோக முறையிற் கூறுவதாயின் அவர் தர்மராசனின் பிரதம இலிகிதர். அவரது ஏட்டிலே ஆளுக்கொரு பக்கம் உண்டு. அப்படியாயின் ஓர் அரசு செய்யும் பிழை எவருடைய பக்கத்திலே பதியப்படும்? முடிசூடிய மன்னர் ஆண்ட காலத்தில் இதற்கு விடை கூறுதல் எளிது. வாக்களித்து ஆளைத் தெரிவுசெய்யும் இக்காலத்தில் அத்துணை எளிதன்று.

மன்னராட்சியா, மக்களாட்சியா சிறந்தது என்று பட்டிமன்றம் வைத்தால் ஒரு கட்சி மனுநீதிகண்ட சோழனைக் கொண்டுவரும். மறுகட்சி கொடுங்கோலர் பட்டியலை வாசிக்கும். நடுவர் இரு பக்கத்தையும் மெச்சிவிட்டு மணியைப் பார்ப்பார். அந்த வழக்கை இங்கே மீண்டும் நடத்த வேண்டியதில்லை. நல்லவன் ஆண்டால் நாடு செழிக்கும், கெட்டவன் ஆண்டால் அழியும் என்பது எந்த முறைக்கும் பொருந்தும். ஆராய வேண்டியது பழியைப் பற்றியே.

பெரியபுராணத்திலே புகழ்ச்சோழ நாயனார் வரலாற்றை அடியார்கள் அறிவர். திறை செலுத்தாத அதிகன்மேல் அவர் படை அனுப்பினார். தாம் போர்க்களத்துக்குப் போகவில்லை, கருவூரிலே இருந்தார். வென்று மீண்ட படை பகைவரின் தலைகளைக் கொணர்ந்து அவர்முன் குவித்தது. அக்குவியலில் ஒரு தலையிலே சடை இருந்தது. சிவனடியார் ஒருவர் தம் படையினாற் கொல்லப்பட்டார் என்று கண்ட சோழர் நடுங்கினார். வாளை வீசியவன் ஒரு போர்வீரன்; படையை நடத்தியவர்கள் அமைச்சர்கள். அவர்களை அழைத்து அவர் விசாரணை வைக்கவில்லை. மைந்தனுக்கு முடிசூட்டுமாறு பணித்துவிட்டு, அந்தத் தலையைப் பொற்றட்டில் ஏந்தித் தம் தலைமேற் கொண்டு தீயினுட் புகுந்தார். படை செய்தது தாம் செய்ததே என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை. குடிகளில் ஒருவரையும் அப்பழி தொடவுமில்லை. அவர்கள் அவரைத் தெரிவுசெய்யவில்லை. அந்தப் போரை வேண்டும் என்று கேட்கவுமில்லை.

பரம்பரை முடியின் பெருமை இதுவே. பழி ஒரே தலையில் இருந்தது. ஆனால் அதை உணர்ந்து சுமந்த தலைகள் எத்தனை? வெகுதூரம் போக வேண்டியதில்லை. நல்லூரிலே யமுனா ஏரியையும் சங்கிலியன் தோப்பையும் பார்த்து வருவோரிற் பலர், சங்கிலியன் என்ற பெயரில் ஆண்டவன் ஒருவனே என்று எண்ணுகின்றனர். இருவர் ஆண்டனர். 16ஆம் நூற்றாண்டிலே ஆண்ட முதலாம் சங்கிலி, தனக்கு மூத்தவர்களை நஞ்சாலும் வாளாலும் அகற்றிவிட்டே அரியணை ஏறினான் என்று மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை கூறுகின்றது. 1544இல் மன்னாரிலே புதிதாகக் கத்தோலிக்கரான நூற்றுக்கணக்கான ஏழைகள் அவனது ஆணையாற் கொல்லப்பட்டனர். 1617இல் ஆட்சியைக் கைப்பற்றிய சங்கிலி குமாரனும் அரச குடும்பத்தாரின் இரத்தத்தின்மேல் நடந்து வந்தவனே. 1619இல் போர்த்துக்கேயர் அவனைப் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டு சென்று சிரச்சேதம் செய்தனர். அந்நியரை எதிர்த்தார்கள் என்பதற்காக இவர்களைப் போற்றுவது முறையே. முத்திரைச் சந்தியிலே சங்கிலியனுக்குச் சிலை நிற்பதும் முறையே. ஆயினும் பரம்பரை என்ற சொல் கேட்பதற்கு அமைதியாக இருக்கின்றதேயன்றி, நல்லூரிலே ஒரு முடியிலிருந்து மறு முடிக்கு மாறுவதற்குப் பலமுறை வாள் தேவைப்பட்டது என்பதை மறத்தலாகாது.

அக்காலத்தில் உடுவிலிலோ சுன்னாகத்திலோ தோட்டத்துக்குத் துலாமிதித்து நீர் இறைத்துக்கொண்டிருந்தவனை எவரும் எதுவும் கேட்கவில்லை. 1591இல் போர்த்துக்கேயர் இருந்த அரசனைக் கொன்று எதிர்மன்னசிங்கனை அரியணையில் இருத்தியபோதும் கேட்கவில்லை. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டபோது அழுதவர்கள் குடிகள். துன்பத்திலே அவர்களுக்கு முழுப் பங்கு. பழியிலே அவர்களுக்குப் பங்கே இல்லை.

மன்னர் காலத்திலும் தெரிவு என்பது அடியோடு இல்லாமற் போகவில்லை என்பதை இடையிலே குறிப்பிட வேண்டும். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை. ஊர்ச்சபை வாரியங்களுக்குக் குடவோலை மூலம் ஆள் எடுக்கும் விதிகளை அவை கூறுகின்றன. அது வாக்கெடுப்பு அன்று. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கிச் சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பிக்கும் முறை. நிலமும் வேதக் கல்வியும் உடையோருக்கே அதில் இடமிருந்தது. உழைப்பவனுக்கும் பெண்களுக்கும் இருக்கவில்லை. ஆயினும் ஒரு விதி இன்றும் எழுதி மாட்டத்தக்கது. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவனின் பெயர் குடத்துள் விழலாகாது. அவனது நெருங்கிய உறவினர் பெயரும் விழலாகாது. கணக்குக் காட்டாதவன் பிள்ளையும் மைத்துனனும் மறுமுறை போட்டியிட முடியாது என்ற ஒரு சட்டம் இந்நாளில் இயற்றப்பட்டால் எத்தனை வேட்பாளர் எஞ்சுவரோ தெரியாது.

நம் நாட்டில் ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது 1931இல். இந்தியாவில் அதே உரிமையோடு பொதுத்தேர்தல் நடப்பதற்கு இருபது வருடங்கள் முந்தியது. டொனமூர் ஆணைக்குழு இதனைச் சிபாரிசு செய்தபோது கடுமையாக எதிர்த்தவர்களுள் சேர் பொன். இராமநாதனும் ஒருவர். மருதனார்மடத்திலே 1913இல் பெண்பிள்ளைகளுக்குக் கல்லூரி கட்டிய அதே பெருமகன், அப்பிள்ளைகளின் தாய்மாருக்கு வாக்கு வேண்டாம் என்றார். அவரே 1911இல் படித்த இலங்கையர் ஆசனத்துக்குத் தேர்தல் மூலம் வந்தவர். அன்று வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தோர் நாடு முழுவதிலும் சில ஆயிரம் பேரே. கல்வியில்லாதார் கையில் வாக்கைக் கொடுத்தால் நாடு கெடும் என்பது அவரது அச்சம். அந்த அச்சத்தை ஏளனம் செய்வதற்கில்லை. ஆனால் படித்தவர்களின் வாக்கு நாட்டைக் கெடுக்காது என்பதற்கு அவரிடமும் சான்று இருக்கவில்லை.

வாக்குரிமை கிடைத்த முதல் தேர்தலிலேயே யாழ்ப்பாணம் அதனைப் பயன்படுத்தவில்லை. பூரண சுயராச்சியம் தராத திட்டம் வேண்டாம் என்று யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் பகிஷ்கரிப்புக்கு அழைத்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு ஆசனங்களும் 1934 வரை அரசாங்க சபையில் வெறுமையாகக் கிடந்தன. அழைத்தவர்கள் தூய உள்ளத்தோர். எனினும் அந்த மூன்று வருடங்களில் அச்சபை செய்தவற்றிலும் செய்யாமல் விட்டவற்றிலும் யாழ்ப்பாணத்தாருக்குப் பங்கில்லை என்று சொல்லிவிட முடியுமா? போகாமல் இருப்பதும் ஒரு செயலே. விரதமிருப்பவன் உண்ணாமை எப்படி ஒரு செயலோ அப்படி.

பழியின் கணக்கு உண்மையிற் சிக்கலாவது இதற்குப் பின்னர்தான். 1948இல் நிறைவேறிய குடியுரிமைச் சட்டத்தாலும் அதனைத் தொடர்ந்த சட்டங்களாலும் மலையகத்தில் ஏறக்குறைய 7 இலட்சம் தமிழர் நாடற்றவராகி, வாக்கையும் இழந்தனர். தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அதே அரசாங்கத்திற் சேர்ந்து அமைச்சரானார். அதனை ஏற்காத சா. ஜே. வே. செல்வநாயகமும் கூட்டாளிகளும் பிரிந்து 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினர். அடுத்த தேர்தல் 1952இல் வந்தது. கொழுந்து பறிக்கும் கூலிகளுக்காகப் பேசிய செல்வநாயகம் காங்கேசன்துறையிலே தோற்றார். வென்றவர் ஐக்கிய தேசியக் கட்சியைச் சேர்ந்த சு. நடேசன், சேர் பொன். இராமநாதனின் மருமகன், பரமேசுவராக் கல்லூரி அதிபராக இருந்தவர், கற்றறிந்தவர். அவருக்கு வாக்களித்த எவரும் தீமை செய்வதாக எண்ணி வாக்களித்திருக்க மாட்டார். தேயிலைத் தோட்டம் எங்கோ தொலைவில் இருந்தது; தமது தோட்டத்துப் புகையிலையும் பிள்ளையின் உத்தியோகமும் அருகில் இருந்தன. 1956இல் தனிச்சிங்களச் சட்டம் தம் வீட்டுப் படலையைத் தட்டிய வருடத்தில் அதே தொகுதி செல்வநாயகத்தை வெல்லவைத்தது.

இதிலே எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நோக்கமன்று. ஆனால் நல்லூர் மன்னன் மன்னாரிற் செய்ததற்கு உடுவிலான் பொறுப்பாளி அல்லன்; 1952இல் நாட்டுப்புறத்து லயன்களிலே நடந்ததற்கு, வாக்களித்தவன் கொஞ்சமேனும் பொறுப்பாளி. முடி ஒருவன் தலையில் இருந்தபோது பழியும் அங்கேயே இருந்தது. முடியைத் துண்டு துண்டாக்கி வாக்குச்சீட்டு என்று எல்லோருக்கும் பகிர்ந்தபோது பழியும் உடன் பகிரப்பட்டது. உரிமையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுக்க எந்தக் கந்தோரிலும் படிவம் கிடையாது.

வாக்கு இரகசியமானதுதானே என்பர். மறைப்பின் பின்னே நின்று போட்ட புள்ளடியை அயலவனும் அறியான், வேட்பாளனும் அறியான். சித்திரபுத்திரனாருக்கும் தெரியாது என்று கூறத் துணிபவர் யார்? சாதி பார்த்துப் போட்டது, மகனுக்கு நியமனக் கடிதம் வரும் என்று போட்டது, தேர்தலுக்கு முதல்நாள் இரவு கிடைத்த போத்தலுக்காகப் போட்டது எல்லாம் அந்த ஏட்டிலே அந்தந்தக் காரணத்தோடுதான் பதியப்பட்டிருக்கும். பிள்ளைகளுக்காக நல்ல எண்ணத்தோடு போட்டு ஏமாந்தவனின் பெயருக்கு எதிரே அதுவும் குறிக்கப்பட்டிருக்கும். 2005 ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்திலே நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்கவில்லை. வென்றவருக்கும் தோற்றவருக்கும் நாடு முழுவதிலும் இருந்த வித்தியாசம் சுமார் 180,000 வாக்குகள். உயிருக்கு அஞ்சி வீட்டுக்குள் இருந்தவனிடம் ஏடு கணக்குக் கேளாது. அஞ்ச வேண்டிய தேவையில்லாமல், எவன் வந்தாலும் ஒன்றுதான் என்று இருந்தவனின் நிலை வேறு.

மக்கள் தெரிவில் குறைகள் நிறைய. தகப்பனுக்குப் பின் மகன், கணவனுக்குப் பின் மனைவி, அண்ணனுக்குப் பின் தம்பி என்று கொழும்பிலே சேனநாயக்க, பண்டாரநாயக்க, ராஜபக்ஷ குடும்பங்கள் வாக்குப்பெட்டியின் வழியாகவே பரம்பரை ஆட்சி நடத்திக் காட்டின. எனினும் 2022இல் ஒரு ஜனாதிபதி மக்கள் எதிர்ப்பினாற் பதவி துறந்தார். 2024இல் வேறொருவரை மக்கள் வாக்களித்து இருத்தினர். நல்லூர் அரண்மனையிலே நடந்ததுபோல உடன்பிறந்தாருக்கு நஞ்சு வைக்க வேண்டியிருக்கவில்லை. இங்கே வாளுக்குப் பதில் துப்பாக்கி வந்த காலமும் இருந்தது. 1960 முதல் உடுவில் தொகுதியையும் 1977இலே மானிப்பாயையும் வென்ற வி. தர்மலிங்கம் 1985 செப்டெம்பரில் கொல்லப்பட்டார். அவரைத் தெரிவுசெய்த மக்கள் அவரை நீக்கவில்லை. அவர்களைக் கேளாமலே நீக்கினார்கள்.

ஆலயங்களுக்கும் இந்தக் கேள்வி உண்டு. நல்லூர்க் கந்தன் ஆலயம் 1734 முதல் ஒரே குடும்பத்தின் பரம்பரைப் பராமரிப்பில் இருக்கின்றது. நேரம் தவறாத பூசைக்கும் ஒரு ரூபா அர்ச்சனைச் சீட்டுக்கும் அது பெயர் பெற்றது. மாவிட்டபுரமும் பரம்பரை ஆதீனமே. 1968இல் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே வருவதற்குச் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியிருந்ததும் அங்கேதான். பரம்பரை நல்லதையும் காக்கும், மாறவேண்டியதையும் காக்கும். மறுபுறம் பொதுக்கூட்டத்திலே தெரிவான சபைகள் இரண்டாகப் பிரிந்து வழக்காடியதால் திருவிழா நின்ற கோயில்களும் குடாநாட்டில் உள. பெரும்பாலான கிராமக் கோயில்களில் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குக் கோரம் சேர்ப்பதே பெரும்பாடு. அன்னதானத்துக்கு வந்தோரில் பத்திலொரு பங்கினர் கணக்கறிக்கைக்கு வருவதில்லை. பிறகு சந்தியில் நின்று சபையைத் திட்டுவதற்கு மட்டும் கோரம் தேவைப்படுவதில்லை.

வலிகாமத்துக் கிராமக் கோயில் ஒன்றிலே சில வருடங்களுக்கு முன் பொதுக்கூட்டம் நடந்தது. தனாதிகாரி கணக்கை வேகமாக வாசித்து முடித்தார். தலைவர் ஏற்றுக்கொள்ளப்பட்டதாக அறிவிக்க வாயெடுத்தார். மண்டபத்துத் தூணோரம் இருந்த ஒரு முதிய அம்மா கையை உயர்த்தினார்.

"தம்பி, மாசத்துக்கு எவ்வளவு எண்ணெய் எண்டு வாசிச்சனியள்? நான் விடியப் பூசைக்கு வரேக்க தூண்டாமணி விளக்கு அணைஞ்சுதானே கிடக்கு."

சிலர் சிரித்தனர். "ஆச்சி, கூட்டம் முடிய ஆறுதலாய்க் கதைப்பம்" என்றார் தலைவர்.

"முடிஞ்சாப்பிறகு என்னத்தைக் கதைக்கிறது? போன வருசம் உங்களை விடேக்க நானும்தானே கை உயர்த்தினது."

மடப்பள்ளியிலே பிரசாதம் ஆயத்தமாகிவிட்டது. பலர் எழுந்து போனார்கள். ஆச்சி எழுந்திருக்கவில்லை. தனாதிகாரி மூடிய கணக்குப் புத்தகத்தை மறுபடி விரித்து, எண்ணெய்ச் செலவு எழுதிய பக்கத்தைத் தேடத் தொடங்கினார்.