நாவை வென்றவர் யார்?

நாவை அடக்கியவனே ஞானி என்று நம்மவர் நெடுங்காலமாக உபதேசித்து வந்திருக்கின்றனர். பலகாரத்தைக் கண்டு நாவூறுபவன் மனவுறுதியற்றவன். பருத்த தேகமுடையவன் பெருந்தீனிக்காரன். இவ்வாறு தீர்ப்புக் கூறும் வழக்கம் தோட்டத்திலும் உண்டு, பட்டணத்திலும் உண்டு. அத்தீர்ப்பு அறிவுக்கு ஒத்ததுதானா என்பதை இங்குச் சிறிது ஆராய விரும்புகிறோம்.

ஆராய்ச்சிக்குத் துணையாய் நிற்பது உடற்பருமனைக் குறைக்கச் செய்யப்படும் இரண சிகிச்சை. 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்து வைத்தியர்களான மேசன், இட்டோ ஆகிய இருவரும் இரைப்பையின் சிறு பகுதியைப் பிரித்துச் சிறுகுடலோடு நேரே இணைக்கும் முறையைத் தொடங்கினர். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்கிக் குழாய்போல் ஒடுக்கும் முறை பின்னர் வந்தது. இரண்டிலும் கத்தி படுவது வயிற்றில். நாவை எவரும் தொடுவதில்லை. ஆயினும் வியப்பு யாதெனில், சிகிச்சை பெற்றவருள் பலர் தங்கள் நாவே மாறிவிட்டதென்கின்றனர். முன்பு தேனாய் இருந்த லட்டு இப்போது திகட்டுகிறது; எண்ணெயில் பொரித்ததன் மணமே குமட்டுகிறது; சிலருக்கு இறைச்சி பிடிப்பதில்லை. சிலருக்கு யாதொரு மாறுதலும் இல்லை. சிலருக்குப் பழைய சுவை காலப்போக்கில் திரும்புகிறது.

இதற்குக் காரணம் மந்திரமன்று. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்புநீரை 1999-ஆம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானிகளான கோஜிமாவும் கங்காவாவும் கண்டறிந்தனர். அது பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியிற் சுரப்பது. அப்பகுதியை வெட்டி நீக்கினால் அச்சுரப்பும் குறைகிறது. குடலை இணைக்கும் முறையிலோ, உணவு கீழ்க்குடலை விரைந்தடைவதால் 'போதும்' என்று மூளைக்கு உணர்த்தும் சுரப்புகள் பெருகுகின்றன. மேலும், சர்க்கரையை மிகுதியாய் உண்டால் சிலருக்கு வியர்வையும் படபடப்பும் மயக்கமும் உண்டாகின்றன. இருமுறை இவ்வாறு நேர்ந்தால், மூன்றாம் முறை மனம் தானே விலகிக்கொள்கிறது.

இங்கேதான் நம் கேள்வி பிறக்கிறது. நேற்றுவரை ஜிலேபியை விடமாட்டாதிருந்தவர் இன்று அதைத் தள்ளிவைக்கிறார். இவர் ஒரே இரவில் ஒழுக்கசீலர் ஆகிவிட்டாரா? ஆம் என்றால், ஒழுக்கத்தைக் கத்தியால் செதுக்கலாமென்று ஒப்பவேண்டும். இல்லையென்றால், இன்றைய விருப்பமின்மை அவருடைய புகழன்று என்றாகிறது. அங்ஙனமாயின், நேற்றைய தீராப் பசி மட்டும் எவ்வாறு முற்றும் அவருடைய பழியாகும்? புகழுக்கு ஒரு தராசு, பழிக்கு வேறொரு தராசு வைப்பது நியாயமாகாது.

“அவ்வாறெனில் மனிதனுக்கு முயற்சியென்பதே இல்லையா? எல்லாம் சுரப்புநீரின் செயலா?” என்று சிலர் வினவுவர். விதியைத் தள்ளிய நாம், விதியின் இடத்தில் சுரப்பை அமர்த்துவோமல்லோம். சிகிச்சைக்குப் பின்னும் உண்ணும் அளவைக் காக்கவேண்டும். இரும்பும் விட்டமின்களும் ஆயுள் முழுதும் உட்கொள்ளவேண்டும். கவனம் தவறினால் இழந்த எடை மீளவும் கூடும். இப்பாடுகளைத் தாங்குபவருடைய பொறுமை மெய்யான புகழுக்குரியது. பசியில்லாதவன் உண்ணாதிருப்பது நோன்பாகாது; பசியோடு போராடுபவன் ஒருவாய் குறைத்துண்டாலும் அது வெற்றியே. ஆனால் அப்போராட்டத்தை நாம் வெளியிலிருந்து காண்பதெங்ஙனம்? காணவியலாததைப் பற்றித் தீர்ப்புக் கூறாதிருத்தலே அறிவுடைமை.

நம் நாடுகளின் நிலையையும் நோக்குவோம். 2023-ஆம் ஆண்டின் மலேசியத் தேசியச் சுகாதார ஆய்வின்படி வயதுவந்தோருள் 54.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர். சிங்கப்பூர் அரசாங்கம் 2016-ஆம் ஆண்டில் நீரிழிவின்மீது போரே அறிவித்தது. ஒரு நாட்டின் சரிபாதிக்கு மேற்பட்டோர் ஒருங்கே மனவுறுதியை இழந்துவிட்டனர் என்று நம்புவது பேதைமை. உட்கார்ந்தே செய்யும் வேலை, மலிந்த சர்க்கரை, எந்நேரமும் திறந்திருக்கும் உணவுக்கடை ஆகியவற்றை விட்டுத் தனியொருவனை மட்டும் கூண்டில் ஏற்றுவது எவ்வகை நீதி?

பெண்ணைப் பார்க்க வந்து அவள் உடலைப் பற்றி முணுமுணுக்கும் கூட்டத்தையும், அடுத்த நாழிகையே “இன்னும் இரண்டு சாப்பிடம்மா” என்று இலையில் குவிக்கும் அதே கூட்டத்தையும் நாம் அறிவோம். சிகிச்சை பெற்ற மகள் பாயசத்தை வேண்டாமென்றால், தாயன்பையே மறுத்ததாகக் கொள்வாரும் உளர். அன்னையீர்! மாறியது அவள் நாவின் சுவை. உங்கள்மீது கொண்ட பாசம் இரைப்பையில் இருந்ததன்று, வெட்டுண்டு போவதற்கு. வற்புறுத்தாது ஒரு கரண்டியோடு நிறுத்துங்கள். பருத்தவரைக் கண்டு நகைக்கும் நாவொன்று நம் எல்லோரிடமும் உண்டு. அதை அடக்க எந்தக் கத்தியும் வேண்டியதில்லை. அதை வென்றவரையே நாவை வென்றவர் என்போம்.