கோதுமையும் கிருபையும்

கத்தோலிக்கக் குடும்பமொன்றில் புதுநன்மை வாங்கும் பருவத்தை எட்டிய குழந்தைக்குச் சீலியாக் நோய் இருப்பதாகக் கண்டறிந்த வைத்தியர், இனி ஆயுள் முழுவதும் கோதுமையின் ஒரு துணுக்கும் அதன் வாயிற் படலாகாதென்று விதித்துவிடுவாரானால், அந்த விதியும், நற்கருணை அப்பம் கோதுமை மாவினாலன்றி வேறெதனாலும் ஆகலாகாதென்ற திருச்சபையின் விதியும் ஒரு சிறு நாவின்மேல் வந்து எதிர்ப்படுகின்றன. கையால் தொட்டு வாயால் உண்ணத்தக்க ஒரு திரவியத்தின் வழியே கிருபை வருவதாக நம்பும் சமயத்தில், அந்தத் திரவியமே சரீரத்தைப் புண்படுத்துமாயின் விசுவாசி எதற்குப் பணிவது? இதை வெறும் சடங்குச் சிக்கலென்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்நோய் உற்ற குழந்தை கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தை உண்ணும்போது, அதன் உடற்காப்புச் சக்தி தன் குடலையே தாக்க, உணவின் சாரத்தை உறிஞ்சவேண்டிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகின்றன. வயிறு உப்பிக் கைகால் மெலிந்து, உண்டும் உண்ணாததுபோல் குழந்தை வாடுகிறது. 1888-இல் லண்டனில் இதை விவரித்த சாமுவேல் ஜீ, குணமென்று ஒன்று உண்டானால் அது பத்தியத்தினாலேயே ஆகவேண்டுமென்று கண்டாரெனினும், விலக்கவேண்டியது எதுவென்பதை நிலைநாட்டியவர் ஹாலந்து தேசத்து ஹேக் நகரில் குழந்தை வைத்தியராயிருந்த வில்லெம் கரெல் டிக்கே என்பவரே. யுத்தத்துக்கு முன்பே கோதுமையின்மீது ஐயங்கொண்டிருந்த அவர், 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில், துலிப் கிழங்கைத் தின்று ஜனங்கள் உயிர் தரித்த அந்நாட்களில், ரொட்டியில்லாத நோய்க் குழந்தைகள் மோசமடையாதிருந்ததையும், விடுதலையோடு ரொட்டி வந்து சேர்ந்ததும் அவர்களை நோய் மீண்டும் பற்றியதையும் கண்டு, 1950-இல் உட்ரெக்ட் சர்வகலாசாலையில் சமர்ப்பித்த ஆய்வில் கோதுமையே காரணமென்று நிறுவினார். ஊரார் கண்ணீரோடு வரவேற்ற அதே ரொட்டி சில குழந்தைகளைச் சாய்த்தது. குளூட்டனை அறவே நீக்கினால் தேய்ந்த குடலுறிஞ்சிகள் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மீண்டும் வளர்கின்றன. ஆனால் பத்தியம் ஆயுளுக்கும் உரியது.

கோதுமையை வற்புறுத்தும் திருச்சபையை நான் பிடிவாதமென்று பழிக்கமாட்டேன். புளித்ததாயினும் புளியாததாயினும் அப்பம் கோதுமையினதாகவே இருக்கவேண்டுமென்று 1439-இல் புளோரென்ஸ் சங்கம் உரைத்ததற்குக் காரணம், தேவ திரவிய அனுமானம் ஒரு கருத்தின்மேல் அன்றி, ஓர் இராப்போஜனத்தில் உண்மையாய் நிகழ்ந்ததொன்றின்மேல் நிற்பதுதான். 2003-இல் ரோமாபுரியிலிருந்து வந்த நிருபமும் குளூட்டன் முற்றிலும் அற்ற அப்பம் செல்லாதென்றே கூறிற்று. ஆயினும் அப்பமாவதற்குப் போதிய சிறிதளவு குளூட்டன் உடையதை அனுமதித்தது. அமெரிக்காவில் மிசௌரி மாகாணத்துப் பெனடிக்டைன் கன்னியர் அரும்பாடுபட்டு, 0.01 சதவீதத்துக்கு மேற்படாத குளூட்டனோடு அத்தகைய அப்பத்தைச் செய்துகாட்டினர். அந்த அளவும் ஒரு குழந்தைக்கு ஒவ்வுமா என்பதைச் சொல்லவேண்டியவர் அக்குழந்தையின் வைத்தியர்.

இதைக் கேட்டுப் பக்தியுள்ள பாட்டி ஒருத்தி, ஆண்டவருடைய சரீரம் பிள்ளைக்குக் கெடுதல் செய்யுமா என்று கேட்கக்கூடும். அவளுடைய அன்பை மதிக்கிறேன். ஆனால் அவ்வார்த்தை விசுவாசத்தின் வார்த்தையன்று. அப்பத்தின் உட்பொருள் மாறினும் நிறம், சுவை, எடை முதலிய புறக்குணங்கள் மாறாது நிற்குமென்று போதித்த அர்ச்சியசிஷ்ட தோமாஸ் அக்குவினாஸ், அப்புறக்குணங்கள் உண்டவனைப் போஷிக்கவும் வல்லவை என்று ஒப்புக்கொண்டார். போஷிக்க வல்லது வருத்தவும் வல்லதன்றோ? இன்னும் ஒரு படி மேலே சென்று, பாத்திரத்தில் நஞ்சு கலந்திருப்பதை வசீகரம் என்னும் அர்ச்சிப்புக்குப் பின்னர் குருவானவர் அறியவந்தால், அதைத் தாமும் பருகாமல் பிறருக்கும் கொடாமல் தகுந்த கலத்தில் பத்திரப்படுத்தவேண்டுமென்று அவர் விதித்தார். ஜீவனளிக்கும் பாத்திரம் மரணத்தின் பாத்திரமாகலாகாது என்பதே அவர் கருத்து. ஆகவே குழந்தையின் குடலைக் காப்பதற்காக அப்பத்தை மறுக்கும் தாய், பதின்மூன்றாம் நூற்றாண்டின் அந்த மகாவேதசாஸ்திரியின் வழியிலேயே நிற்கிறாள்.

அப்பமில்லையேல் என்ன செய்வது? அப்பத்தில் மட்டுமோ இரசத்தில் மட்டுமோ கிறிஸ்து முழுமையாய்ப் பிரசன்னமாயிருக்கிறார் என்ற போதனையைக் காட்டி, 1415-இல் கான்ஸ்டன்ஸ் சங்கம் பொதுநிலையினருக்கு இரசப் பாத்திரத்தை விலக்கிற்று. அன்று ஜனங்களிடமிருந்து பாத்திரத்தை அகற்றப் பயன்பட்ட அதே போதனை, அப்பம் உண்ணமாட்டாத குழந்தையிடம் இன்று பாத்திரத்தை நீட்டுகிறது. குழந்தை இரசத்தை மட்டும் பருகினும் அதற்குக் குறைவேதும் இல்லை.

ஆனால் குழந்தையின் பத்தியத்தைத் தவமென்றும் சிலுவையென்றும் புகழ்ந்து பேசுவோரை என்னால் ஏற்க முடியவில்லை. விரதம் தானே முன்வந்து ஏற்பது. எட்டு வயதுப் பிள்ளை எதையும் ஏற்கவில்லை, அதற்கு மறுக்கப்பட்டது, அவ்வளவே. தவத்தின் சிரமம் யாருக்கேனும் உரியதானால் அது பெரியோருக்கே உரியது. குருவானவர் பூசையில் அப்பத்துண்டொன்றைப் பாத்திரத்தில் இடுவது முறையாதலால், அது இடப்படாத வேறொரு பாத்திரத்தை அவர் குழந்தைக்கென ஆயத்தம் செய்யவேண்டும். அப்பம் தொட்ட விரல் அதன் விளிம்பிற் படலாகாது. மேற்றிராணியார் அனுமதிக்கும் இடங்களில், புதுநன்மை வாங்கும் பிள்ளைகள் அனைவருக்குமே அன்று இரசம் வழங்கி, அப்பம் உண்ட உதடுகள் பாத்திரத்தைத் தீண்டுமுன் இந்தப் பிள்ளையை முதலில் அழைக்கலாமே என்று நான் பங்குக் குருக்களை வேண்டிக்கொள்வேன்.