தனக்கு வந்தால்தான் தெரியுமா?

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது பழமொழி. பட்டவருக்கே பிறர் பாடு புரியும் என்ற இந்த நம்பிக்கையில் பாதி உண்மை உண்டு. மறுபாதியைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் சிலவும் உண்டு.

2004-இல் டானியா சிங்கரும் சக ஆய்வாளர்களும் 16 பெண்களின் மூளையைப் படம்பிடித்தனர். கையில் மின்னதிர்ச்சி ஒரு சமயம் படம்பிடிக்கப்படும் பெண்ணுக்கும், மறு சமயம் அருகிலிருந்த அவருடைய துணைவருக்கும் தரப்பட்டது. வலியின் வேதனையோடு தொடர்புடைய பகுதிகள் இரு சமயங்களிலும் இயங்கின. எந்த இடத்தில் எவ்வளவு வலிக்கிறது என்பதை உணரும் பகுதிகளோ தன் வலிக்கு மட்டுமே இயங்கின. பிறர் வேதனை ஒருவரை எட்டுகிறது. அவர்களுடைய வலி எட்டுவதில்லை.

பிறவியிலேயே வலி அறியாதவர்கள் மிகச் சிலர் உலகில் உள்ளனர். சூடு பட்டாலும் எலும்பு முறிந்தாலும் அவர்களுக்கு வலிக்காது. அத்தகைய 12 பேரிடம் பிரான்சில் நடந்த ஆய்வு 2006-இல் வெளியானது. முகமும் குரலும் இல்லாமல் காயம்படும் காட்சியை மட்டும் காட்டியபோது, வலியை அவர்கள் குறைத்தே மதிப்பிட்டனர். வலியில் சுளித்த முகங்களைக் காட்டியபோது ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே மதிப்பிட்டனர். தனக்கு வராததும் பிறர் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது.

மறுபக்கம், பட்டவரே கடுமையாகவும் இருப்பதுண்டு. 2015-இல் ரேச்சல் ரட்டனும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வுகளில், வேலையின்மையையோ பிறரின் கொடுமைப்படுத்தலையோ கடந்து வந்தவர்கள், அதே துன்பத்தைத் தாங்க முடியாமல் தோற்றவரிடம் குறைவான பரிவே காட்டினர். பட்ட வலியின் கடுமை காலப்போக்கில் நினைவில் மங்குகிறது. அதை வென்றது மட்டும் தெளிவாக நிற்கிறது. “நானும் இதைக் கடந்துதானே வந்தேன்” என்ற சொல் பிறப்பது அங்கேதான். மருமகளாய் அழுத கண்ணீரை மறந்த மாமியாரும் அந்த இடத்தில்தான் நிற்கிறார்.

துன்பம் புரிதலாக மாறிய இடங்களும் உண்டு. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன், பாப் ஸ்மித் என்ற இரண்டு குடிநோயாளிகளின் சந்திப்பிலிருந்து ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கம் பிறந்தது. குடியை விட்டுப் பல ஆண்டுகள் ஆன பிறகும் அதன் உறுப்பினர்கள் தம்மைக் குடிநோயாளி என்றே சொல்லிக்கொள்கின்றனர். வென்றுவிட்டவராகத் தம்மை நினைக்காததால், நேற்று வந்தவரோடு ஒரே வரிசையில் அமர அவர்களால் முடிகிறது.

ஆகவே, துன்பம் ஒருவருக்குப் புரிதலின் வாசலைத் திறந்துவிடலாம். உள்ளே அழைத்துச் செல்வது கவனம்தான். வலியே அறியாதவர்கள் பிறர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டனர். வலியைக் கடந்தவர்கள் தம் வெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் தவறவிட்டனர். ஒருவரிடம் “எப்படி இருக்கிறது?” என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை தன் கதையைத் தொடங்காமல் இருப்பதே ஒத்துணர்வின் முதல் பயிற்சி.