மூலமும் படியும்

எழுதப்பட்டது அழியும் என உணர்ந்த நாளிலேயே மனிதன் படி எடுக்கத் தொடங்கினான். ஓலை செல்லரிக்கும், தாள் நனையும், இயந்திரம் பழுதுறும். ஆதலால், மூலம் ஓரிடத்திலும் படி வேறோரிடத்திலும் இருத்தல் வேண்டும் என்பது எழுத்தறிந்த சமூகங்கள் பலவற்றின் வழக்கமாயிற்று. ஆயினும், படி எடுத்தவனின் கடமை எங்கே முடிவடைகின்றது என்னும் வினா எளிதில் தீர்வதன்று. படியை அனுப்பியதோடு அது முடிகின்றதா? படி சென்று சேர்ந்ததோடு முடிகின்றதா? அன்றி, மூலம் அழிந்த நாளில் அப்படி அதன் இடத்தில் நின்று பயன்தரும் என்று அறிந்த பின்னரே முடிகின்றதா? இவ்வினா தொழினுட்பத்தின்பாற்பட்டது போலத் தோன்றினும் உண்மையில் ஒழுக்கவியல் சார்ந்ததாகும். ஏனெனில், பேணப்படுவது பெரும்பாலும் பேணுபவனின் சொந்தப் பொருளன்று. பிறர் அவனை நம்பி ஒப்படைத்த பொருளாகும்.

இவ்வாறு ஒப்படைக்கப்பட்டதைத் தமிழ் மரபு அடைக்கலம் என்னும். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கின்றார். மதுரையில் நிகழ்ந்த கேட்டுக்கு மாதரி எவ்வகையிலும் காரணமல்லள். இருந்தும், தன்பால் வைக்கப்பட்ட அடைக்கலம் காக்கப்படவில்லை என்பதற்காக அவள் தீயில் வீழ்ந்தாள். பிழை செய்யாமை வேறு, பொறுப்பை நிறைவேற்றல் வேறு என்பதை இந்நிகழ்ச்சி புலப்படுத்துகின்றது.

அக்கண்ணகியையே தெய்வமாகப் போற்றும் மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் படி பேணும் முறை ஒன்று நெடுங்காலம் நிலவியது. கண்ணகி வழக்குரை கோயில் ஏடுகளில் எழுதப்பட்டு, பழையன சிதையுமுன் புதிய ஓலைகளிற் பெயர்க்கப்பட்டு வந்தது. 1968 இல் வி. சீ. கந்தையா அதனை நூலாகப் பதிப்பித்தார். இங்கே நோக்கத்தக்கது ஏட்டின் இருப்பு மட்டுமன்று. வைகாசிச் சடங்கின்போது அவ்வேடு திறக்கப்பட்டு, செவிவழியாக அதனை அறிந்த ஊரவர் முன்னிலையிற் பாடப்படுகின்றது. ஓர் ஓலை தவறியிருப்பின், பாட்டின் நடுவே அக்குறை வெளிப்பட்டுவிடும். பெட்டியில் உறங்கும் ஏட்டுக்கு இல்லாத உறுதி, பாடப்படும் ஏட்டுக்கு உண்டு. வழிபாடாக நிகழ்ந்த செயலே படியின் மெய்ம்மையைச் சோதிக்கும் செயலாகவும் அமைந்தது.

காணி உறுதிகளைப் பொறுத்தவரை, இக்கடமையைச் சட்டமே வகுத்துள்ளது. இலங்கையின் 1907 ஆம் ஆண்டு நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசு ஒருவர் தாம் அத்தாட்சிப்படுத்திய உறுதிகளின் இரண்டாம் பிரதிகளை, அடுத்த மாதம் பதினைந்தாம் திகதிக்குள் காணிப் பதிவாளருக்குச் சேர்ப்பித்தல் வேண்டும். உறுதிகள் தொடரிலக்கம் பெறுகின்றன. பிரதிகளோடு ஒரு பட்டியலும் செல்லுகின்றது. ஒரு மாதத்தில் உறுதி எதுவும் எழுதப்படாதவிடத்தும், எதுவுமில்லை எனக் கூறும் பட்டியலை அனுப்புதல் வேண்டும். இவ்விறுதி விதி ஆழ்ந்த பொருளுடையது. ஒன்றும் நிகழவில்லை என்பது ஒரு செய்தி. ஒன்றும் வந்து சேரவில்லை என்பது வேறொரு செய்தி. மௌனம் இவ்விரண்டையும் ஒன்றாகக் காட்டி மயக்கும். 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளியையும் 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையையும் கண்ட கரையிலே, வீட்டுப் பெட்டியிலிருந்த உறுதியை நீர் கொண்டுபோனாலும், உரிமையை நிலைநாட்ட உதவக்கூடியது பதிவகத்திலுள்ள பிரதியே.

இன்று கணினித் தரவுத்தளங்களும் இம்முறையையே கைக்கொள்ளுகின்றன. முதன்மைத் தளம் தன்னிடம் நிகழும் மாற்றங்களை ஒரு குறிப்பேட்டில் வரிசையாகப் பதிகின்றது. அக்குறிப்பேட்டின் பகுதிகள் தொடரிலக்கத்துடன், வேறிடத்திற் காத்திருக்கும் துணைத் தளத்துக்கு அனுப்பப்படுகின்றன. துணைத் தளம் அம்மாற்றங்களை அதே வரிசையில் தன்மீதும் நிகழ்த்தி, மூலத்தை ஒத்து நிற்கின்றது. இடையில் ஒரு பகுதி தவறினால், பின்வரும் பகுதிகள் எத்துணையாயினும் பயன்படா. இணைப்பு அறுந்திருக்கலாம், கடவுச்சொல் மாறியிருக்கலாம், சேமிப்பிடம் நிறைந்திருக்கலாம், துணைத் தளம் பெறுமுன்னரே முதன்மைத் தளம் பழைய பகுதிகளை நீக்கியிருக்கலாம். பழுது தேடுபவர் முதலில் அறிய வேண்டிய இலக்கங்கள் மூன்று: மூலம் இறுதியாக எழுதியது எது, படி இறுதியாகப் பெற்றது எது, படி இறுதியாகத் தன்மீது நிகழ்த்தியது எது? முதலிரண்டும் மிக வேறுபடின் தடை வழியில் உள்ளது; பின்னிரண்டும் வேறுபடின் தடை படியிடத்தில் உள்ளது. மூலத்தை மாத்திரம் நோக்குபவருக்கு இவ்வேறுபாடு புலப்படாது. வாவியின் முகத்துவாரத்தை மணல் மூடிய பின்னரும் நீர்ப்பரப்பு அமைதியாகவே தோன்றும்; மாரி மழை பொழிந்து வயல்கள் மூழ்கும்போதே வழி அடைபட்டமை தெரியவரும்.

2017 சனவரி 31 ஆம் திகதி கிற்லாப் நிறுவனத்தில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்றாகும். வேலைப்பளு மிகுந்ததனால் அதன் துணைத் தளம் பின்தங்கியது. அதற்கு வேண்டிய குறிப்பேட்டுப் பகுதிகள் முதன்மைத் தளத்திலிருந்து அதற்குள் நீக்கப்பட்டுவிட்டன. மீண்டும் முழுப்படி எடுக்க முனைந்தபோது, கட்டளை எவ்வித விடையுமின்றி நின்றது. துணைத் தளத்தின் எச்சங்களே தடையென எண்ணிய பொறியியலாளர் அவற்றை நீக்க முற்பட்டார். ஆனால், அவர் நீக்கியது முதன்மைத் தளத்தின் தரவை. ஓரிரு கணங்களில் அதனை உணர்ந்து நிறுத்தியபோது, ஏறத்தாழ 300 கிகாபைற் தரவில் 4.5 கிகாபைற்றே எஞ்சியிருந்தது. நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பப்பட்ட காப்புப் பிரதிகளைத் தேடியபோது, அவை இருக்கவில்லை. மென்பொருட் பதிப்புகள் பொருந்தாமையால் பிரதியெடுத்தல் தோல்வியுற்று வந்தது; அதனை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்கள் ஏற்கப்படாது தள்ளப்பட்டிருந்தன. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு தேவைக்காக எடுக்கப்பட்ட ஒரு பிரதியே கைகொடுத்தது. அனுப்பினோம் என்ற நம்பிக்கை மட்டும் இருந்தது. சேர்ந்ததா எனக் கேட்பார் இருக்கவில்லை.

இலங்கையும் இவ்வனுபவத்துக்கு விலக்கன்று. 2023 ஓகஸ்ட் மாதம் அரசாங்க மேகக்கணினி மீது பணயத் தாக்குதல் நிகழ்ந்தது. இணைப்பிலிருந்த காப்புப் பிரதிகளும் மூலத்தோடு சேர்ந்து பாதிக்கப்பட்டமையால், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. இங்கு படி மூலத்துக்கு மிக அண்மையில் இருந்தமையே குறையாயிற்று.

இவற்றைக் காட்டி, ஒவ்வொரு பகுதியும் சேர்ந்ததென்ற ஒப்புதல் கிடைக்கும்வரை மூலம் நின்று காத்தல் வேண்டும் எனச் சிலர் வாதிடலாம். அவ்வாறு அமைத்தலும் இயலும். ஆனால், படியிடத்தில் ஏற்படும் சிறு பழுதும் அப்போது மூலத்தின் பணியை நிறுத்திவிடும். வைத்தியசாலையொன்றில் நோயாளி காத்திருக்கையில், படி சேரவில்லையென மருந்துப் பதிவை மறுத்தல் அறமாகாது. வங்கியொன்றில் சேராத கணக்கைச் சேர்ந்ததாகக் கொள்ளுதலும் அறமாகாது. எனவே, காத்தலா தொடர்தலா என்பதற்கு எங்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. எத்துணை இழப்பு நேரக்கூடும் என்பதை அறிந்து தெரிவு செய்தலும், பொருளை ஒப்படைத்தவர்களுக்கு அதனை மறையாது கூறுதலுமே எங்கும் பொருந்தும் கடமைகளாம்.

குற்றம் யாருடையது என்பது அடுத்த வினா. இரவு வெகுநேரம் விழித்திருந்து தவறான இயந்திரத்தில் கட்டளையிட்டவரைத் தண்டித்தல் எளிது. அதனால் நீதி நிறைவுறாது. அவருடைய தவறு சில கணங்களுக்குரியது. காப்புப் பிரதிகளை எவரும் திறந்து பாராதிருந்தது பலருக்கும் பல நாட்களுக்கும் உரியது. கிற்லாப் நிறுவனம் அப்பணியாளரைப் பழிக்காது, நிகழ்ந்தவற்றை உலகறிய எழுதி வெளியிட்டது. மறைக்கப்பட்ட பிழை மறுபடியும் நிகழும். வெளியிடப்பட்ட பிழை பிறருக்கும் காப்பாகும்.

முடிவாக நோக்குமிடத்து, படி என்பது ஒரு பொருளன்று. அது இடையறாது நிறைவேற்றப்பட வேண்டிய ஒரு வாக்குறுதி. அனுப்புபவன் இலக்கமிட்டு அனுப்புதலும், பெறுபவன் குறையைக் கேட்டறிதலும், இருவரும் காலந்தோறும் படியைத் திறந்து அது பயன்படுமா எனச் சோதித்தலும் சேர்ந்தே அவ்வாக்குறுதியை நிறைவேற்றுகின்றன. இழப்பின் பின் தீயில் வீழ்ந்த மாதரியின் நேர்மை போற்றத்தக்கதே. எனினும், அடைக்கலம் வைத்தவர்கள் வேண்டுவது அத்தகைய துயரத்தையன்று. இழப்புக்கு முன்னரே ஏட்டை விரித்துப் பாடிப் பார்க்கும் விழிப்பையே அவர்கள் வேண்டுகின்றனர்.